தண்ணீரில் கால் வைத்து நிற்கும்போது வானம் இடித்தால்…

2025 அக்டோபர் 16. நம் கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே கழுதூரில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். காலையில் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போனவர்கள். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் தொடங்கிய நேரம் அது. மறுநாள் டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு, "விதி முடிஞ்சிடுச்சு, என்ன செய்ய முடியும்?" என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

செய்யலாம் தோழர்களே, நிறையவே செய்யலாம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மின்னலுக்குப் பலியானவர்கள். வெள்ளமோ புயலோ வந்தால் டி.வி.க்காரர்கள் ஊருக்கே வருகிறார்கள். மின்னல் ஒருவர், இருவராக எடுத்துக்கொண்டு போவதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதிலும் போகிற உயிர் பெரும்பாலும் வெட்டவெளியில் வேலை செய்பவருடையது. அதாவது உழவர், விவசாயத் தொழிலாளி, ஆடு மாடு மேய்ப்பவர், மீனவர்.

மின்னல் நமக்குப் பகையா?

இயற்கை விவசாயம் செய்கிறவன் மின்னலைத் திட்டிவிட்டுப் போக முடியாது. இடியோடு பெய்யும் மழைக்குப் பயிர் கருகருவெனப் பச்சை பிடிப்பதை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். மின்னல் பாயும் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. இது சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு வெப்பம். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, மழைநீரில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணுக்கு வருகிறது. காசில்லாமல் கிடைக்கும் உரம். கொடுக்கிற கையே அடிக்கவும் செய்யும் என்பதால்தான் அதன் குணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே விழும் என்று ஏன் சொல்ல முடியவில்லை?

மேகத்திலிருந்து மின்னல் ஒரே பாய்ச்சலில் தரைக்கு வருவதில்லை. சுமார் 50 மீட்டர் வீதம் படிப்படியாக, கிளை பிரிந்து, வழி தேடிக்கொண்டு இறங்குகிறது. தரையை நெருங்கும்போது மரம், கம்பம், கோபுரம், மனிதத் தலை என்று உயர்ந்து நிற்கும் எல்லாவற்றிலிருந்தும் மேல்நோக்கி ஒரு மின்பொறி கிளம்பும். எந்தப் பொறி முந்திக்கொண்டு சேர்கிறதோ அதன் வழியாக முழு மின்சாரமும் இறங்கிவிடும். எங்கே விழுவது என்பது கடைசிச் சில பத்து மீட்டர்களில்தான் முடிவாகிறது. அதற்கு முன்னால் எந்தக் கருவியாலும் "இந்த வயலில், இந்த வரப்பில்" என்று சொல்ல முடியாது.

மழை பெய்யும் இடத்தில்தான் மின்னல் விழும் என்பதும் தவறு. மழை மேகத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். தலைக்கு மேல் வெயில் அடிக்கும், தெற்கே சிதம்பரம் பக்கமோ மேற்கே நெய்வேலிப் பக்கமோ கருத்திருக்கும். "மழை இங்க வர இன்னும் நேரம் இருக்கு, இந்த ரெண்டு பாத்தியை முடிச்சிடலாம்" என்று நாம் சொல்லும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். அமெரிக்காவில் 2017 அக்டோபரில் ஏற்பட்ட ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீளம் இருந்ததாக உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு உள்ள தூரத்தை விட அதிகம் இது.

"சிப்காட்ல அவ்வளவு உயரப் புகைபோக்கி இருக்கு, இடி அங்கதான் விழும், நம்ம பக்கம் வராது" என்று குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் பக்கம் சொல்லுவாங்க. உயரமான புகைபோக்கி தன்னைச் சுற்றிச் சிறிது இடத்துக்குத்தான் காவல். எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தக் காவல் தரையில் சில பத்து மீட்டருக்குள் முடிந்துவிடும். அரை கிலோமீட்டர் தள்ளி வயலில் நிற்பவருக்கு அந்தப் புகைபோக்கியால் ஒரு நன்மையும் இல்லை. அதேபோல, விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்பதும் சரியல்ல. உயரமான கட்டடங்களில் ஆண்டுக்குப் பல முறை விழுகிறது.

தண்ணீர் என்ன செய்கிறது?

தண்ணீர் மின்னலை இழுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை கொஞ்சம் வேறு. நீர்ப்பரப்பு சமதளமானது. ஏரியில், ஆற்றில், நடவு வயலில், நீங்கள்தான் அங்கே உயரமான பொருள். குனிந்து நடும் பெண் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்போது சுற்றுவட்டத்தில் அவர் தலைதான் மேலே இருக்கிறது. தோளில் மண்வெட்டியோ கையில் விரித்த குடையோ இருந்தால் இன்னும் இரண்டடி கூடும்.

இன்னொன்று: மின்னல் நேரடியாக மேலே விழுந்து இறப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் தரை வழியாகவோ நீர் வழியாகவோ பரவி வரும் மின்சாரத்தாலும், பக்கத்து மரத்திலிருந்து தாவும் மின்சாரத்தாலும்தான் பாதிக்கப்படுகிறார்கள். இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கியில் வட்டிக் கணக்குப் போட்ட கை, சும்மா இருக்காது.

சாதாரண மின்னல் ஒன்றில் சுமார் 30,000 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டு மின்விசிறி எடுப்பது அரை ஆம்பியர் கூட இல்லை. இந்த மின்சாரம் நனைந்த மண்ணில் விழுந்தால், குளத்தில் கல் எறிந்தது போல வட்டம் வட்டமாகப் பரவும். விழுந்த இடத்தில் அழுத்தம் மிக அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். உங்கள் இரண்டு கால்களும் இரண்டு வேறு வட்டங்களில் இருந்தால், அந்த வித்தியாசம் ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக இறங்கும். மண்ணின் மின்தடையை 100 ஓம்-மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், மின்னல் விழுந்த இடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவர்களுக்கு வரும் கணக்கு இது:

கால்களைச் சேர்த்து நிற்பவருக்கு (10 சென்டிமீட்டர் இடைவெளி) சுமார் 470 வோல்ட்.

அரை மீட்டர் எட்டு வைத்து நடப்பவருக்குச் சுமார் 2,270 வோல்ட்.

முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள மாட்டுக்குச் சுமார் 6,200 வோல்ட்.

50 மீட்டர் தள்ளி நடப்பவருக்கோ 100 வோல்ட்டுக்கும் கீழே.

இது நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம்தான் நீடிக்கும். ஆனால் இதயத்தை நிறுத்த அதுவே போதும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில்தான் இதயம் இருக்கிறது. அதனால்தான் மரத்தடியில் நின்ற மாடுகள் மொத்தமாகச் சாய்கின்றன, பக்கத்தில் நின்ற மாட்டுக்காரர் பிழைத்துக்கொள்கிறார். நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விட்டா மலைப்பகுதியில் 2016 ஆகஸ்டில் ஒரே இடியில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன. மழைக்குப் பயந்து ஒன்றோடொன்று நெருக்கமாக நின்றதுதான் காரணம்.

இனி நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கடல்நீரில் மின்சாரம் எளிதாக ஓடும். நம் உடம்பை விடக் கடல்நீர் நல்ல கடத்தி என்பதால், தண்ணீருக்குள் இருப்பவரைச் சுற்றிக்கொண்டு பெரும்பகுதி போய்விடும். கிணறு, ஏரி, பண்ணைக்குட்டை ஆகியவற்றின் நல்ல தண்ணீர் அப்படியல்ல. அதைவிட உப்புள்ள இரத்தம் ஓடும் நம் உடம்புதான் மின்சாரத்துக்குச் சுலபமான வழி. எனவே அது நம்மைத் தேடி வருவது போலவே உள்ளே புகுந்து போகும். அப்படியானால் கடல் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே படகும் படகில் நிற்பவரும்தான் உயரமான இலக்கு.

நம் உப்பனாறு இரண்டும் கெட்டான். ஏற்றத்தில் கடல்நீர் ஏறி உப்பாக இருக்கும். மழைவெள்ளம் வந்தால் நல்ல தண்ணீராக மாறும். மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்புத் தண்ணீருமாக ஓடுவதும் உண்டு. காலையில் ஒரு தண்ணீர், மாலையில் ஒரு தண்ணீர். இதில் மின்சாரம் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் பாயும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டைகளில் வேலை செய்பவர்களுக்கும், பிச்சாவரத்தில் துடுப்புப் போடுபவர்களுக்கும் இதே நிலைதான். ஆகவே விதி ஒன்றே ஒன்று: இடிச்சத்தம் காதில் விழுந்தால் தண்ணீரை விட்டு வெளியே வா.

எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி இறங்குவது?

நம் மாவட்டத்தில் மின்னல் அதிகம் வரும் காலம் இரண்டு. ஒன்று ஏப்ரல், மே மாதக் கோடை மழை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி பொறுக்கும் காலம் அது. மற்றொன்று செப்டம்பர், அக்டோபர். சம்பா நாற்றுப் பறிப்பும் நடவும் நடக்கும் காலம். இரண்டிலும் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு வரை கவனம் தேவை. கூடியவரை நடவையும் களையெடுப்பையும் விடியற்காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மின்னல் வெளிச்சம் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் கேட்கும்போது நிறுத்துங்கள். எண்ணிய நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். 30க்குள் இருந்தால் அடுத்தது உங்கள் தலையிலேயே விழலாம். உடனே வேலையை நிறுத்த வேண்டும். கடைசி இடிச்சத்தம் கேட்டபின் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வயலில் இறங்க வேண்டும். மழை விட்டதும் அவசரப்பட்டு இறங்குவதில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டி எச்சரிக்கும். நடவுக்கு ஆள் கூட்டி வரும் மேஸ்திரியிடம் இது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் செயலி சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் மின்னலை அதனாலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. காதுதான் முதல் கருவி.

எங்கே ஒதுங்குவது?

கூரை ஒட்டுத் தளமான வீடு, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் நல்லது. உள்ளே சுவர் ஓரம், குழாய், மின்சாதனங்களைத் தொடாமல் நடுவில் இருக்க வேண்டும். கண்ணாடி மூடிய கார், பஸ், வேன் நல்ல பாதுகாப்பு. மேற்கூரை இல்லாத டிராக்டர், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பல்ல.

மோட்டார் கொட்டகையில் ஒதுங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேறு வழியே இல்லை என்றால் மட்டும். அங்கே மின்கம்பி வழியாகவும், போர்வெல்லின் இரும்புக் குழாய் வழியாகவும் மின்சாரம் வரலாம். ஸ்டார்ட்டர், மோட்டார், குழாய் எதையும் தொடாமல் தள்ளி நிற்கவும். இடிக்கும்போது மோட்டாரை நிறுத்தப் போய் ஸ்டார்ட்டரில் கை வைக்காதீர்கள். மோட்டார் போனால் கட்டிக்கொள்ளலாம்.

மரத்தடி கூடவே கூடாது. பனைமரம் இடி தாங்கும் என்பார்கள். உண்மைதான், தாங்கும், ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கும் பங்கு கொடுக்கும். 2016இல் மின்னலைப் பேரிடராக அறிவித்த வங்கதேசம், இலட்சக்கணக்கில் பனை நட்டது. பனை உயரமாக வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் உடனடிப் பலன் இல்லை. பனை நடுவோம், மண்ணுக்கும் நீருக்கும் நல்லது. ஆனால் அதன் அடியில் ஒதுங்க வேண்டாம்.

ஒதுங்க இடமே இல்லாத நடுவயல் என்றால்: தண்ணீரை விட்டு வரப்பைத் தாண்டித் தாழ்வான, காய்ந்த இடத்துக்குப் போகவும். மண்வெட்டி, குடையைக் கீழே போடவும். கூட்டமாக நிற்காமல் ஒருவருக்கொருவர் 15, 20 மீட்டர் விலகவும். ஒருவர் விழுந்தாலும் மற்றவர் எழுந்து உதவ வேண்டுமல்லவா? பாதங்களைச் சேர்த்துக் குத்துக்காலிட்டு உட்காரவும். தரையில் படுக்கக் கூடாது. இது கடைசி வழி, பாதுகாப்பு என்று நம்பி முன்கூட்டியே வெளியேறாமல் இருக்கக் கூடாது.

மாடுகளை மரத்திலோ கம்பி வேலியிலோ கட்டாதீர்கள். வேலியின் ஒரு முனையில் விழும் மின்னல் அடுத்த முனை வரை ஓடும். இடிக்கும் காலத்தில் மதியத்துக்கு மேல் மேய்ச்சலைக் குறைத்துக் கொட்டகையில் தனித்தனி முளைக்குச்சியில் கட்டுங்கள்.

விழுந்தவரைத் தொடலாமா?

தொடலாம், உடனே தொட வேண்டும். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. "ஷாக் அடிக்கும், தொடாதே" என்று தள்ளி நிற்பதால்தான் பிழைக்க வேண்டிய உயிர் போகிறது. சாணியில் புதைப்பது, மணலில் புதைப்பது எல்லாம் நேரத்தைக் கொல்லும்.

பலர் விழுந்திருந்தால், முனகுபவரை விட்டுவிட்டு மூச்சுப்பேச்சில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள். முனகுபவர் உயிரோடு இருக்கிறார். அசையாதவருக்குத்தான் நீங்கள் தேவை. தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டு, 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பழகியவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் ஊதலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை விடக் கூடாது. பிழைத்தவருக்கும் காது, கண், நரம்புப் பாதிப்பு இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இருபது ரூபாயும் ஒரு தாளும்

இது என் பழைய தொழிலைச் சேர்ந்த விஷயம். பிரதமரின் சுரக்‌ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 இலட்சம். இயற்கைச் சீற்றத்தால் வரும் மரணமும் இதில் அடங்கும். காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு நின்றுவிடும். பாஸ்புத்தகத்தில் அந்த ஆண்டுக்கான பிடித்தம் பதிவாகியிருக்கிறதா, வாரிசு பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறப்பு நேர்ந்தால் போலீசில் புகார் பதிந்து, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். "அறுக்க வேண்டாம்" என்று அப்படியே அடக்கம் செய்துவிட்டு, பிறகு பணத்துக்கு அலைந்த குடும்பங்களை நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். மின்னல்தான் காரணம் என்று சொல்லும் அந்த ஒரு தாள் இல்லாமல் எந்த மேசையிலும் வேலை நடக்காது. 30 நாட்களுக்குள் கிளையில் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும்.

அரசின் பேரிடர் நிவாரணமும் உண்டு. 2022–26 காலத்துக்கான விதிப்படி உயிரிழப்புக்கு 4 இலட்சம், கறவை மாட்டுக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, ஆட்டுக்கு 4,000 ரூபாய். மாடு செத்தால் புதைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

சிப்காட் ஓரத்து ஊர்களுக்கு ஒரு கூடுதல் பாடம்

எகிப்தில் துரோன்கா என்றொரு ஊர். 1994 நவம்பர் 2 அன்று பெருமழை வெள்ளத்தின் நடுவே எண்ணெய்த் தொட்டிகளில் மின்னல் விழுந்தது. எரியும் எண்ணெயை வெள்ளம் ஊருக்குள் கொண்டு வந்தது. 469 பேர் இறந்தார்கள். மின்னலும் தண்ணீரும் தொழிற்சாலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே குறித்துவைத்திருக்கும் கணக்கு இது.

நம் சிப்காட் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் கடலூர்–சிதம்பரம் சாலையும் மறுபக்கம் உப்பனாறுமாக இருக்கிறது. உள்ளே இரசாயனத் தொட்டிகள், வெளியே வெள்ளம் வரும் ஆறு, அதன் கரையில் நம் ஊர்கள். 2021 மே மாதம் இங்குள்ள ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நால்வர் இறந்தார்கள். அது மின்னலால் வந்ததல்ல. ஆனால் உள்ளே ஒன்று நடந்தால் வெளியே என்ன ஆகும் என்ற பயத்தை நமக்குக் காட்டிவிட்டுப் போனது. மின்னல் காப்புக்கு நம் நாட்டில் தரநிர்ணயம் இருக்கிறது. இடிதாங்கியும் நிலத்தொடர்பும் பருவத்துக்கு முன் சோதிக்கப்பட வேண்டும். உப்புக்காற்றில் தாமிரமும் இரும்பும் அரித்துப்போகும் ஊர் இது.

எனவே மே 1 கிராம சபையில் மூன்று தீர்மானம் கொண்டு வருவோம். ஒன்று, ஒவ்வோர் ஆலையும் இடிதாங்கிச் சோதனை செய்த நாளை ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆணையிட வேண்டும். இரண்டு, ஆலைகளில் இருக்கும் சங்கை மின்னல் எச்சரிக்கைக்கும் ஊத வேண்டும். வயலில் இருப்பவரிடம் செல்போன் இல்லாவிட்டாலும் சங்குச் சத்தம் எட்டும். மூன்று, நூறு நாள் வேலையிலும் நடவு வேலையிலும் இடிக்காக நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். இடி கேட்டதும் கரையேற வேண்டும் என்று வேலைக்கு வரும் அக்கா தங்கைகளுக்குத் தெரியாமல் இல்லை. கரையேறினால் அரைநாள் கூலி போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் போக்குவது நிலம் வைத்திருக்கும் நம் கையில் இருக்கிறது. இந்த அக்டோபரில் உங்கள் வயலில் நாற்றுக்கட்டு பிரிக்கும் முன்பே வரப்பில் நின்று சொல்லிவிடுங்கள்: "இடிச்சா ஏறிடுங்கம்மா. கூலி முழுசா உண்டு."